கழுத்துப் பிடிக்கு எந்த டை? உருண்டை, காலெட், புஷ்ஷிங், மாண்ட்ரல்

ரைபிள் தோட்டாவைத் தாமே நிரப்புகிறவர்கள் வெடிமருந்தை நிறுக்கும்போது காட்டும் கவனத்தில் பாதியைக்கூடப் பித்தளைக் கூட்டின் கழுத்துக்கு, அதாவது குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப் பகுதிக்குக் காட்டுவதில்லை. மருந்து 0.1 கிரெயின் கூடிவிட்டால் தட்டைக் கவிழ்த்து மறுபடி நிறுப்பார்கள். ஆனால் குண்டைப் பதிக்கும்போது ஒன்று எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் போல வழுக்கி இறங்கும், அடுத்தது முரண்டு பிடிக்கும். கை அதை உணர்ந்த பிறகும் இரண்டையும் ஒரே பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். நானும் பல காலம் அப்படித்தான் அடுக்கினேன்.

கழுத்தைச் சுருக்கிக் குண்டுக்குப் பிடி உண்டாக்க இன்று முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன. விரிவு உருண்டை வைத்த சாதாரண முழுநீள டை (டை என்பது கூட்டை உள்ளே தள்ளி அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு), காலெட் டை, புஷ்ஷிங் டை, கழுத்துக்குள் தள்ளும் உருளைத் தண்டான தனி மாண்ட்ரல். என் மனம் மாண்ட்ரல் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எல்லோரும் அதை வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

முதலில் எண்ணைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘இரண்டு தௌ பிடி’ என்று ஒருவர் சொன்னால், குண்டு இறங்குவதற்கு முன் கழுத்தின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைவு என்று பொருள். ஒரு தௌ 0.0254 மில்லிமீட்டர். குண்டு 0.308 அங்குலம், கழுத்தின் உள்விட்டம் 0.306 என்றால் அது இரண்டு தௌ. கவனித்துப் பார்த்தால் இது அளவு வித்தியாசம்தானே தவிர, குண்டைக் கழுத்து எவ்வளவு விசையோடு பிடித்திருக்கிறது என்பதன் அளவு அல்ல. பித்தளையின் கடினம், கழுத்துச் சுவரின் தடிப்பு, உள்ளே படிந்திருக்கும் கரி, குண்டு எவ்வளவு நீளம் கழுத்துக்குள் இருக்கிறது என்பவையெல்லாம் சேர்ந்துதான் அந்த விசையைத் தீர்மானிக்கின்றன. .300 வின்செஸ்டர் மேக்னத்தின் கழுத்து 0.264 அங்குலம்தான், குண்டின் விட்டத்தைவிடவும் குட்டை. அதே இரண்டு தௌ நீண்ட கழுத்துள்ள கூட்டில் பிடிக்கிற பிடி வேறு, இதில் பிடிக்கிற பிடி வேறு.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கழுத்தை இன்னும் சுருக்கினால் பிடி இன்னும் இறுகும் என்று நம்புகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 0.308 அங்குல விட்டத்தில் இரண்டு தௌ விரிவு என்பது ஏறக்குறைய 0.65 சதவீத நீட்சி. பித்தளை அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே தன் மீள்தன்மையின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதாவது குண்டே ஒரு விரிவு உருண்டையாக மாறி, கழுத்தை நிரந்தரமாக அகட்டிவிடுகிறது. சோதித்துப் பார்க்க ஆசை வந்து, ஒரு கூட்டை நான்கு தௌவுக்குச் சுருக்கிக் குண்டைப் பதித்து, பிறகு பிடுங்கிவிட்டுக் கழுத்தை அளந்தேன். நான்கு தௌ எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒன்றுக்குச் சற்று மேல்தான் மிச்சம் இருந்தது. நான்கு தௌவுக்குச் சுருக்கியதால் எனக்குக் கிடைத்ததெல்லாம் பதிக்கும்போது கூடுதல் தள்ளுவிசை, குண்டின் தோலில் கீறல், சற்றுக் கோணலாக இறங்கிய குண்டு, இவ்வளவுதான்.

ஆக, தேட வேண்டியது இறுக்கமான பிடியை அல்ல, எல்லாக் கூடுகளிலும் ஒரே மாதிரியான பிடியை. கீழே ஓர் எல்லை மட்டும் உண்டு: தோட்டா மேகசினில் அடிபடும்போதும் துப்பாக்கியின் அறைக்குள் தள்ளப்படும்போதும் குண்டு உள்ளே நழுவக் கூடாது. நழுவினால் கூட்டுக்குள் இடம் குறைந்து அழுத்தம் ஏறும். ஒவ்வொன்றாகக் கையால் வைத்துச் சுடும் போட்டி ரைபிளுக்கு ஒரு தௌ போதும். மேகசினிலிருந்து ஏறும் தோட்டாவுக்கு இரண்டு. தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிக்கு இரண்டு முதல் மூன்று. நூறு மீட்டரில் சுடுகிறவருக்குப் பிடியின் ஏற்றத்தாழ்வு கண்ணில் படாமலே போகலாம். தொலைவு கூடக் கூட, பிடி மாறுவதால் குண்டுக்கு வரும் வேக வித்தியாசம் இலக்கில் மேலும் கீழுமாகச் சிதறிக் காட்டிக்கொடுக்கும்.

சாதாரண முழுநீள டையிலிருந்து தொடங்குகிறேன்; பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருப்பது அதுதான். அந்த டை சந்தையில் உள்ள மிக மெல்லிய கழுத்தையும் இறுக்க வேண்டியிருப்பதால், எல்லாக் கழுத்தையும் தேவைக்கு மேல் நெரிக்கிறது. பிறகு கூட்டைக் கீழே இழுக்கும்போது நடுத்தண்டில் உள்ள உருண்டை கழுத்தின் உள்ளே புகுந்து, உள்ளிருந்து அதை அகட்டிக்கொண்டு வெளியே வருகிறது. நெரித்துவிட்டு விரிப்பது என்பதால் பித்தளைக்கு இரட்டை வேலை, சீக்கிரம் கடினமாகும். உருண்டை வெளியே வரும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்டால், அந்த இழுப்பு கழுத்தோடு நின்றிருக்காது. தோளையும் (கழுத்துக்குக் கீழே கூடு அகலும் சரிவு) முன்னால் இழுத்திருக்கும், கழுத்தின் அச்சையும் சாய்த்திருக்கும். டையில் பெரிய குற்றம் இல்லை. உலர்ந்த கழுத்துக்குள் உலர்ந்த எஃகு இழுபடுவதுதான் குற்றம். கழுத்தின் உள்ளே தூரிகையால் கொஞ்சம் கிராஃபைட் தடவி, உருண்டையை மெல்லிய உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, நடுத்தண்டின் பூட்டு நட்டைச் சற்றுத் தளர்த்தித் தண்டு தானாக நடுவுக்கு வர விட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஃபார்ஸ்டர் நிறுவனத்தின் டைகளில் உருண்டையை உயரத்தில் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்; கழுத்து டையின் அணைப்பிலிருந்து முழுவதும் விலகுவதற்கு முன்பே உருண்டை உள்ளே நுழைந்துவிடும். அதே நிறுவனம் டையின் கழுத்துப் பகுதியை நீங்கள் கேட்கும் அளவுக்குத் தீட்டியும் தருகிறது. ஒரே வகைக் கூட்டை மட்டும் வருடக்கணக்கில் பயன்படுத்துகிறவருக்கு இது நல்ல வழி, ஏனோ பலர் யோசிப்பதே இல்லை.

காலெட் டையின் கதை வேறு. லீ நிறுவனத்தின் டை இந்த வகையில் பெயர்பெற்றது. இதில் கழுத்துக்குள் ஒரு மாண்ட்ரல் தண்டு நிற்க, வெளியே பிளவுபட்ட காலெட்டின் விரல்கள் கழுத்தை அந்தத் தண்டின் மேல் அழுத்துகின்றன. இழுப்பு இல்லை, எண்ணெய் வேண்டாம், கழுத்து நீளுவதும் குறைவு. வெளியே எடுத்துப் பார்த்தால் கழுத்தின் மேல் மெல்லிய நேர்கோடுகள் தெரியும். அவற்றால் கெடுதல் இல்லை. உள்விட்டத்தைத் தீர்மானிப்பது தண்டு என்பதால், பிடி கூட வேண்டுமானால் சற்று மெலிந்த தண்டைப் போட வேண்டும், அல்லது இருப்பதையே தேய்த்து மெலிதாக்க வேண்டும். தேய்த்தால் திரும்ப வளராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேய்க்கவும்.

இந்த டையில் கைப்பழக்கம் வர நாளாகும். டையைப் பொருத்தி இயக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து கழுத்து தண்டோடு ஒட்டுவது மாறும். தொடக்கத்தில் எனக்கு ஐந்தில் ஒரு கூடு தளர்ந்தே வந்தது. அழுத்தி, சற்றே தளர்த்தி, கூட்டைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அழுத்தும் பழக்கம் வந்த பிறகுதான் சீரானது. இன்னொரு குறை: இது தோளையோ உடலையோ தொடாது. சில முறை சுட்ட பிறகு கூடு அறைக்குள் இறுகத் தொடங்கும். அப்போது தோளைச் சற்றுப் பின்தள்ளியாக வேண்டும். கழுத்தைத் தொடாமல் உடலையும் தோளையும் மட்டும் சுருக்கும் ‘பாடி டை’ என்று ஒன்றை ரெட்டிங் விற்கிறது. காலெட்டும் பாடி டையும் ஜோடி சேர்ந்தால் செலவுக்கு மீறிய பலன் தருகிற ஏற்பாடு அது. தானியங்கித் துப்பாக்கிக்கு மட்டும் காலெட்டைத் தனியாக நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் முழு உடலையும் சுருக்குவதுதான் அங்கே பாதுகாப்பு.

இனி புஷ்ஷிங்கும் மாண்ட்ரலும். சண்டையெல்லாம் இங்கேதான் நடக்கிறது.

புஷ்ஷிங் டையில் கழுத்துப் பகுதி ஒரு தனி வளையம். ஒரு தௌ இடைவெளியில் வரிசையாக விற்கிறார்கள், அரைத் தௌ இடைவெளியிலும் கிடைக்கும். குண்டு பதித்த தோட்டாவின் கழுத்தை வெளியே மைக்ரோமீட்டரால் அளந்து, அதிலிருந்து இரண்டு அல்லது மூன்று தௌ குறைத்து வளையத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சுருங்கிய பித்தளை சற்றுத் திமிறி விரியும் என்பதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கழிவு. வளையத்தை டைக்குள் இறுக முடுக்கிவிடாமல் ஒரு மயிரிழை தளர்வாக விட வேண்டும். டையைக் காதருகில் வைத்து ஆட்டினால் டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் இருந்தால்தான் வளையம் கழுத்தைத் தேடிப்போய் நடுவில் உட்காரும். ஐந்து தௌவுக்கு மேல் ஒரே அடியாகச் சுருக்காதீர்கள். இரண்டு வளையம் வைத்து இரண்டு படியாகச் சுருக்கினால் கழுத்து கோணாது. தோளுக்கு மேலே ஒரு சிறு பட்டை சுருங்காமல் நிற்கும். அது இந்த வகையின் பிறவிக் குணம்.

புஷ்ஷிங்கின் பலவீனத்தை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். வளையம் 0.334 என்று வைத்துக்கொள்வோம். வளையம் கழுத்தின் வெளியேதான் அளவெடுக்கிறது. சுவர் 0.0135 தடிப்புள்ள கழுத்தில் உள்விட்டம் 0.307 ஆகும், சுவர் 0.0145 உள்ள கழுத்தில் 0.305. திமிறலைக் கணக்கில் எடுக்காமலே, ஒரே டை, ஒரே நாள், ஒரே கை. ஒன்றில் பிடி ஒரு தௌ, மற்றொன்றில் மூன்று. சுவரில் உள்ள மேடுபள்ளமெல்லாம் உள்ளே, குண்டு உரசும் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. கழுத்தை வெளியே சீவிச் சமன் செய்துவிட்டால் புஷ்ஷிங்குக்கு இணை கிடையாது. துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் 6 மி.மீ. பிபிசி (PPC என்ற தோட்டா வகை) கூடுகளின் கழுத்தைச் சீவிவிட்டு அதைக் கொண்டாடுவதற்குக் காரணம் இதுதான். சீவாத கூட்டில் அந்தக் கொண்டாட்டத்துக்கு இடம் இல்லை.

மாண்ட்ரல் இதன் நேர் எதிர். கழுத்தைச் சுருக்கிய பிறகு, குண்டைவிட ஒன்று அல்லது இரண்டு தௌ குறைவான உருளைத் தண்டை மேலிருந்து கழுத்துக்குள் தள்ளுகிறோம். தண்டு உள்விட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. மேடுபள்ளம் வெளிப்பக்கம் போய்விடுகிறது, அங்கே அது யாருக்கும் தொல்லையில்லை. உருண்டையும் உள்ளிருந்துதான் விரிக்கிறது என்றாலும் அது இழுக்கிறது, மாண்ட்ரல் தள்ளுகிறது. தள்ளும்போது கூட்டின் அடிப்பகுதி தாங்கிக்கொள்வதால் தோள் நீளாது, கழுத்தும் நேராக நிற்கிறது. பிடியை மாற்ற வேண்டுமானால் தண்டை மாற்றினால் போதும். இதற்கும் அரைத் தௌ வரிசை உண்டு.

குறை இல்லாமல் இல்லை. கூட்டை இன்னொரு முறை பிரஸ்ஸில் வைக்க வேண்டும். நூறு கூடென்றால் நூறு கூடுதல் இழுப்பு. உருண்டையைக் கழற்றிய சாதாரண டையால் நெரித்துவிட்டு மாண்ட்ரலால் விரித்தால், ஐந்தாறு தௌ நெரித்து நான்கு தௌ விரிக்கிற பழைய இரட்டை வேலைதான் மிஞ்சும். அதனால் நன்றாகச் செய்கிறவர்கள் புஷ்ஷிங்கால் தேவைக்கு ஒரு தௌ கூடுதலாகச் சுருக்கி, மாண்ட்ரலால் அந்த ஒன்றைத் திருப்பித் தருகிறார்கள். இரண்டையும் வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வலி. மாண்ட்ரலும் சுவரின் தடிப்பை அழிப்பதில்லை. உள்விட்டம் ஒன்றாக இருந்தாலும் தடித்த கழுத்து சற்று அதிகமாகவே பிடிக்கும். ஆனால் புஷ்ஷிங்கில் வந்த ஒன்றுக்கு மூன்று என்ற வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

பலர் கவனிக்காத ஒரு விசித்திரம் இங்கே இருக்கிறது. பித்தளை சுடச்சுடக் கடினமாகும், கடினமானால் அதிகமாகத் திமிறும். புஷ்ஷிங்கில் சுருக்கிய கழுத்து திமிறினால் வெளிப்பக்கம் விரியும். பிடி மெல்லக் குறையும். மாண்ட்ரலில் விரித்த கழுத்து திமிறினால் உட்பக்கம் சுருங்கும். பிடி மெல்லக் கூடும். ஒரே பித்தளை, ஒரே முதுமை, எதிரெதிர்த் திசை. ‘போன மாதம் நன்றாக இருந்தது’ என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். கழுத்தைக் காய்ச்சி இளக்குவது (அனீலிங் என்கிறார்கள்) இதற்கு மருந்து. இளக்கினால் எல்லா முறையும், அல்லது குறித்த எண்ணிக்கையில் சுட்ட பிறகு எல்லாக் கூடும் என்று ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஐம்பதை இளக்கி ஐம்பதை விட்டால் இரண்டு வகைப் பிடி கையில் இருக்கும். சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். அடிப்பகுதிவரை சூடேறி இளகிய கூடு அழுத்தம் தாங்காது. அதை மிதித்து நசுக்கி எறிந்துவிடுங்கள், ‘பரவாயில்லை’ என்று பெட்டிக்குள் போடாதீர்கள்.

கிரிம்ப் செய்து, அதாவது கழுத்தின் விளிம்பைக் குண்டின் மேல் அழுத்தி மடித்து, பிடியைக் கூட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: பின்னுதைப்பு பலமான துப்பாக்கி, குழாய் மேகசின், வரிப்பள்ளம் வெட்டிய குண்டு என்றால் செய்யுங்கள். கழுத்தின் பலவீனத்தை மறைப்பதற்காகச் செய்ய வேண்டாம்.

அளப்பதைப் பற்றிச் சொல்லாமல் எந்த டையைப் பற்றிப் பேசினாலும் வீண். காலிப்பரின் தட்டை அலகுகள் சிறு துளைக்குள் ஓரங்களில்தான் படும்; உள்விட்டத்தைக் குறைத்தே காட்டும். எனக்கு ‘மூன்று தௌ’ என்று மகிழ்ச்சி தந்த காலிப்பர் அளவு, பின் கேஜ் (அளவு துல்லியமாகத் தெரிந்த சிறு எஃகு உருளை) போட்டுப் பார்த்தால் ஒன்றரையாக இருந்தது. ஒரு தரமான மைக்ரோமீட்டர், அரைத் தௌ இடைவெளியில் நாலைந்து பின் கேஜ். இவை இல்லாமல் நான்காவது டை வாங்குவது கண்ணாடி இல்லாமல் சவரம் செய்வது. இந்த அலட்சியத்துக்கு நான் ஒரு நாள் விலையும் கொடுத்தேன். பிடி போதும் என்று நினைத்து, குழலின் உட்புரிகளில் குண்டு முட்டும்படி நீளமாகப் பதித்திருந்தேன். சுட வேண்டாம் என்று உத்தரவு வந்தது, போல்ட்டை இழுத்தேன். கூடு வந்தது, குண்டு வரவில்லை. புரிகளில் சிக்கிய குண்டு குழலிலேயே நின்றுவிட, கூட்டிலிருந்த மருந்து முழுவதும் துப்பாக்கியின் பொறிக்குள் கொட்டியது. ஒவ்வொரு மணியாகத் தட்டி எடுக்க எனக்கு அந்தப் பகல் முழுவதும் பிடித்தது.

எனவே யாருக்கு எது? வேட்டைக்கோ இருநூறு மீட்டர் இலக்குக்கோ சுடுகிறவர் கையிலிருக்கும் சாதாரண டையை மேலே சொன்னபடி திருத்திக்கொள்ளட்டும், பணம் மிச்சம். போல்ட் ரைபிளில் துல்லியம் வேண்டும், ஆனால் செலவு கட்டுப்பட வேண்டும் என்பவருக்குக் காலெட்டும் பாடி டையும். தானியங்கி வைத்திருப்பவர் முழுநீள டையோடு இருக்கட்டும், உருண்டைக்குப் பதில் மெலிந்த மாண்ட்ரல் வைத்தால் இன்னும் நல்லது. கழுத்தைச் சீவும் பொறுமை உள்ளவருக்குப் புஷ்ஷிங் மட்டும் போதும். சீவப் பொறுமை இல்லை, ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் சுட வேண்டும் என்பவருக்குத்தான் புஷ்ஷிங்கும் மாண்ட்ரலும் சேர்ந்த செலவு நியாயமாகிறது. நான் அந்த வகை. எதை மாற்றினாலும் மருந்தின் அளவைக் கீழிருந்து மறுபடி தொடங்குங்கள். பிடி மாறினால் அழுத்தமும் மாறும்.

அந்தச் செலவைச் செய்த பிறகும் எனக்குப் பதிப்பு விசை சீராகவில்லை. மாண்ட்ரல் சரி, பின் கேஜ் சரி, பித்தளை இளக்கியது. அரைத் தௌ புஷ்ஷிங் வரிசை ஒன்றையும் வரவழைத்தேன். அது வந்து சேருவதற்கு முன், சுட்ட கூடுகளில் பாதியைக் கழுவாமல் கரியோடு சுருக்கிப் பதித்துப் பார்த்தேன்; பிரஸ் கைப்பிடி ஒரே சீராக இறங்கியது. எஃகு ஊசிகளோடு நீரில் உருட்டிக் கழுவியதால் கழுத்தின் உள்ளே கரி துளியும் இல்லாமல் போய், வெறும் பித்தளை குண்டின் செம்புத் தோலைக் கவ்வியிருக்கிறது. இப்போது ஊசி இல்லாமல் தானியத் தூளில் உருட்டி, பதிப்பதற்கு முன் குண்டின் அடிப்பக்கத்தைக் கிராஃபைட்டில் ஒரு முறை தொட்டு எடுக்கிறேன். அரைத் தௌ வளையங்கள் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன.